பதினோராயிரம் பேரைத் தொலைத்த முத்துமீனா

முத்துமீனாவுக்குச் சொந்த ஊர் எழுமலை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போய்ப் படிக்கவைத்ததில் உசிலம்பட்டிக் கல்லூரியில் கணக்கு முடித்தாள். பன்னிரண்டு வருடமாகக் கோரிப்பாளையத்தில் ஒரு ரத்ததானச் சங்கத்தில் வேலை. மாடியில் ஒற்றை அறை, ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்குள் பதினோராயிரத்துச் சொச்சம் பேர்: பெயர், ரத்த வகை, ஊர், போன் நம்பர். ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தால் ஐந்து நிமிடத்தில் ஆள் சொல்லிவிடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை டேட்டாபேஸ் திறக்க மறுத்தது. மூன்று தடவை முயன்றாள். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினால் சரியாகும் என்று இணையத்தில் போட்டிருந்தது, அப்படியே செய்தாள். நடுவில் ஏதோ கேள்வி வந்தது. பழைய குப்பையைத்தான் அழிக்கட்டுமா என்று கேட்கிறது என நினைத்து ‘ஆம்’ என்று அழுத்தினாள். ஏற்றும் வேலை பாதியில் நின்றது. திரும்ப ஏற்றினாள். இந்தத் தடவை திறந்தது.

உள்ளே ஒருவர்கூட இல்லை. மொத்தம்: பூஜ்யம்.

காதுக்குள் கொய்யென்று இரைந்தது. கீழே சிக்னலில் வண்டிகள் ஓயாமல் ஹாரன் அடித்ததுகூட அவளுக்குக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பேக்கப் எடுத்த பென்டிரைவ் இருக்கிறதே என்று நினைவு வந்ததும் உயிர் திரும்பியது. செருகிப் பார்த்தாள். போன வாரத்துக் கோப்பு ஒரு கேபி. அதற்கு முந்தைய வாரமும் ஒரு கேபி. பதினான்கு மாதமாக எல்லாமே ஒரு கேபி. வெறும் கூடு. அத்தனை வெள்ளிக்கிழமையும் ‘முடிந்தது’ என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டுப் பென்டிரைவைக் கழற்றியிருக்கிறாள். ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை.

முனிச்சாலையில் அழிந்த கோப்புகளை மீட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கும் இந்துப்ரியாவுக்குப் போன் போட்டாள். நாக்கு குழறியது.

“அக்கா, எதையும் தொடாதீங்க. கரண்டை ஆஃப் பண்ணி அப்படியே தூக்கிட்டு வாங்க. அதுமேல புதுசா ஒரு எழுத்து விழுந்தாலும் போச்சு.”

“ரெண்டு தடவை ஏத்திட்டேனேம்மா...”

இந்துப்ரியா, “பரவால்ல, வாங்க” என்றாள். முத்துமீனா கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு முனிச்சாலைக்கு ஓடினாள்.

கடையில் இந்துப்ரியா ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, அதன் நகலை வேறொன்றில் எடுத்து, நகலில் தேட ஆரம்பித்தபோது மணி பன்னிரண்டு. அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து அந்த போன் வந்தது. பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு ரத்தப்போக்கு, பாம்பே வகை. பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருந்தாலே அதிகம். வேறு எந்த ரத்தமும் அவளுக்குச் சேராது. பட்டியலில் ஆறு பேர் இருந்தார்கள். இருந்தார்கள்!

முத்துமீனா கண்ணை இறுக மூடினாள். ஒரே ஒரு முகம் வந்தது: மொக்கைச்சாமி, அழகர்கோவில் அடிவாரத்தில் கொய்யாப்பழம் விற்பவர். நம்பர் வரவில்லை. அந்த வழியில் மினி பஸ் ஓட்டும் தன் கணவன் ராஜபாண்டியை அழைத்தாள்.

“ஏங்க, எங்க இருக்கீங்க?”

“கோவில் வாசல்லதான். ஏன் இம்புட்டுப் பதறுற?”

“கொய்யாக் கடை மொக்கைச்சாமி அண்ணே இருக்காரான்னு பாருங்க. ரத்தம் வேணும். ஒரு உசுரு.”

கொஞ்ச நேரத்தில் போனில் வேறு குரல் வந்தது. “முத்துமீனாவா? வாரேன் தாயி. எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லு.”

ஆஸ்பத்திரிப் பேரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அவர் அன்று கடை போடாமல் இருந்திருந்தால்? அதற்கு மேல் நினைக்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சங்கச் செயலாளர் துளசிராம் மதியம் கடைக்கு வந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது.

“பேக்கப் எப்படிம்மா காலியா இருக்கும்?”

இந்துப்ரியா திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே சொன்னாள். “பதினாலு மாசத்துக்கு முன்னாடி யாரோ பாஸ்வேர்டை மாத்தியிருக்காங்க சார். பேக்கப் எடுக்குற புரோகிராமுக்குப் பழைய பாஸ்வேர்டுதான் தெரியும். உள்ள போக முடியாம வெறும் கோப்பா எழுதிட்டே இருந்திருக்கு.”

துளசிராம் பக்கத்து நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். “நான்தான் மாத்தினேன்” என்றார். “பாதுகாப்புக்குன்னு.” அதற்குப் பிறகு அங்கே யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கோப்புகள் கிடைத்தன. கிடைத்தும் புது மென்பொருள் அவற்றை ஏற்கவில்லை. இந்துப்ரியா அதே பழைய பதிப்பைத் தேடிப் போட்டு, காலி அட்டவணைகளை உருவாக்கி, ஒவ்வொரு கோப்பாக உள்ளே சேர்த்தாள். முதல் பெயர் திரையில் வந்தபோது முத்துமீனாவுக்குச் சந்தோஷம்கூட வரவில்லை. நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஒன்பதாயிரத்து எண்ணூறு பேர் திரும்பினார்கள். டிஸ்கில் மிச்சப்பேர் இருந்த இடத்தில், அவள் இரண்டு தடவை ஏற்றிய மென்பொருள் எழுதப்பட்டிருந்தது.

மொக்கைச்சாமி கொடுத்த ரத்தத்தில் பிரசவித்த பெண் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. அந்தச் செய்தியையும் முத்துமீனாதான் போனில் கேட்டாள்.

விடுபட்ட ஆயிரத்துச் சொச்சம் பேர் யார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஊர் ஊராக முகாமுக்குப் போகும்போது வருகிறவர்களிடமெல்லாம், “முன்னாடியே எங்ககிட்ட பேரு குடுத்திருக்கீங்களா?” என்று கேட்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால், பட்டியலில் இருக்கிறார்களா என்று அவர்கள் முன்னாலேயே தேடிப் பார்க்கிறாள். இல்லையென்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, புதிதாக எழுதிக்கொள்கிறாள்.