கேனிஸ்டர் லைட் வாங்கியதும் மிக்கேல் மச்சான் கயிறு பிடித்ததும்

1. வீடியோ வேண்டும்

“அண்ணாச்சி, நீங்க கையால தடவிப் பாத்துச் சொல்லுததை நான் நம்புதேன். ஆனா ஆபீஸ்ல வீடியோ கேக்காங்க. வீடியோ இல்லாம வேலை முடிஞ்சதா எழுத முடியாது.”

இன்ஜினியர் மேடம் இப்படிச் சொன்னபோது நாங்கள் தாமிரபரணிக் கரையில் ஒரு குடிநீர்த் திட்டத்தின் இன்டேக் கிணற்றுக்கு மேலே நின்றுகொண்டிருந்தோம். இன்டேக் கிணறு என்றால் ஆற்றை ஒட்டிக் கட்டிய பெரிய வட்டக் கிணறு. அடியில் உள்ள ஒரு வாய் வழியாக ஆற்றுத் தண்ணீர் உள்ளே வரும். மேலே உள்ள மோட்டார் அதை ஊருக்கு ஏற்றும். அந்த வாயில் கம்பிச் சல்லடை இருக்கும். அது அடைத்துக்கொண்டால் மோட்டாரை நிறுத்திவிட்டு எங்களைப் போல் யாராவது சிலிண்டர் மாட்டிக்கொண்டு இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டும். மேலே கூரை போட்டிருப்பதால் பகலிலும் கிணற்றுக்குள் இருட்டுதான்.

எனக்கு ராதாபுரம் பக்கத்துக் கடற்கரை. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. தூத்துக்குடியில் சங்கு குளித்து, பிறகு இந்த கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தேன். இப்போது முழங்கால் விடுவதில்லை, இறங்குவதை நிறுத்திவிட்டேன். இது நான் இறங்கிக்கொண்டிருந்த காலத்துக் கதை. அப்போது என் கூட்டில் இரண்டு பேர். ஒருவன் ராஜன், என் அளவுக்கே பழகிய டைவர். ஒருவர் இறங்கும்போது மற்றவர் எல்லாம் மாட்டிக்கொண்டு மேலே தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும். இன்னொருவர் மிக்கேல் மச்சான், என் மனைவியின் அண்ணன். இறங்குபவர் உடம்பில் கட்டிய கயிற்றை மேலே நின்று பிடிப்பவர் அவர்தான்.

எங்கள் கடற்கரையில் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். கூடப்பிறந்தவனே அசந்துவிடலாம், மச்சான் அசர மாட்டான், தங்கச்சி தாலி அல்லவா கயிற்று நுனியில் கிடக்கிறது என்பது எங்கள் வழக்கம். ஒரு இழுப்பு என்றால் “இருக்கியா?” கீழிருந்து ஒரு இழுப்பு போனால் “இருக்கேன்.” நான்கு இழுப்பு என்றால் உடனே தூக்கு. கயிறு பிடிப்பவர் வாய் திறந்தால்தான் ராஜன் குதிப்பான். கீழே போனவன் உயிருக்கு அந்தக் கயிற்றைத் தவிர வேறு ஜாமீன் கிடையாது.

அதுவரை ஒரு சாதாரணத் தண்ணீர் டார்ச்சை வைத்து ஓட்டினோம். வீடியோ என்று வந்தபிறகு கேனிஸ்டர் லைட் வாங்கியே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது.

2. கடையில்

தூத்துக்குடியில் டைவிங் சாமான் விற்பவர் மேஜைமேல் இரண்டு லைட்டை வைத்தார். ஒன்று கையடக்கமான பெரிய டார்ச், கேபிள் கிடையாது. மற்றது கேனிஸ்டர். பேட்டரி ஒரு டப்பாவுக்குள் இடுப்பு பெல்ட்டில் இருக்கும். டப்பாவிலிருந்து ஒரு கேபிள் வந்து, அதன் நுனியில் லைட் ஹெட். ஹெட்டைப் புறங்கையில் மாட்டிக்கொள்ளலாம்.

“அண்ணாச்சி, டார்ச்சையே எடுங்க. லுமென் ஜாஸ்தி. உள்ள போட்டா பட்டப்பகல் மாதிரி இருக்கும்” என்றார் கடைக்காரர்.

“பட்டப்பகலே உள்ள வந்துட்டா நாங்க எதுக்கு வே? சூரியனையே கான்ட்ராக்ட் எடுக்கச் சொல்லும்” என்றார் மச்சான்.

லுமென் என்பது வெளிச்சத்தின் அளவு. இந்த லுமென் விஷயத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவார்கள். ஆற்றுத் தண்ணீரில் வண்டல் மிதக்கும். மாஞ்சோலை மலைப்பாதையில் மூடுபனி இறங்கும்போது பஸ் டிரைவர் ஹை பீம் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். அதே கதைதான் தண்ணீருக்குள்ளும். விரிந்து பரவும் வெளிச்சம் வண்டலில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். கலங்கல் தண்ணீருக்கு ஒடுங்கிய பீம்தான் வேண்டும். வீடியோவுக்கு மட்டும் விரிந்த ஒளி தேவை. அதனால் முகப்பைத் திருகினால் பீம் ஒடுங்கவும் விரியவும் செய்கிற ஹெட்டாகக் கேட்டேன். அது கேனிஸ்டரில்தான் இருந்தது.

எவ்வளவு நேரம் எரியும் என்று கேட்டால் பெட்டியில் எழுதியிருப்பதைச் சொல்வார்கள். அதில் பாதியை நம்புங்கள், போதும். கேனிஸ்டரில் பேட்டரி பெரிது என்பதால் அந்தப் பாதியே எங்கள் வேலைக்குத் தாராளம். சுவிட்சைக் கையுறை போட்டுக்கொண்டு பத்து தடவை போட்டு அணைத்துப் பார்த்தேன். வெறுங்கையால் போடும் சுவிட்ச் கடை மேஜையில்தான் நன்றாக இருக்கும்.

மச்சானுக்குக் கேபிள் பிடிக்கவில்லை.

“இது என்ன மாப்ள, இடுப்புல இருந்து வாலு? கம்பியில மாட்டுனா?”

“இடுப்போட ஒட்டிக் கொண்டுபோயி, கைக்கிட்ட மட்டும் கொஞ்சம் தொய்வு விட்டா மாட்டாது மச்சான்.”

“மாட்டுதவனுக்குத் தெரியும் வே, மாட்டுமா மாட்டாதான்னு” என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

3. டிஷ்யூ பேப்பர்

புது லைட்டை நேராக வேலைக்குக் கொண்டுபோகக் கூடாது. பேட்டரியை எடுத்துவிட்டு, டப்பாவுக்குள் ஒரு டிஷ்யூ பேப்பரை மடித்து வையுங்கள். தண்ணீர் புகாமல் மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு கிரீஸ் தடவி மூடி, எடை கட்டி, வேலை செய்யும் ஆழத்தைவிடக் கூடுதலான ஆழத்தில் கொஞ்ச நேரம் போட்டுவையுங்கள். நாங்கள் வள்ளத்தில் போய்க் கடலில் இறக்கினோம். ஏற்றிப் பார்த்தால் பேப்பரின் ஒரு மூலை நனைந்திருந்தது.

“பாத்தியா? கடைக்காரன் நம்ம தலையில கட்டிட்டான்” என்றார் மச்சான்.

ஓ-ரிங்கைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு நரைமுடி ஒட்டிக்கொண்டிருந்தது.

“கடைக்காரன் இல்ல மச்சான். உம்ம தாடி.”

ராஜன் சிரித்த சிரிப்பில் வள்ளம் ஆடியது. அடுத்த தடவை பேப்பர் நனையவில்லை. கேபிள் டப்பாவுக்குள் நுழையும் இடத்தையும் அழுத்திப் பார்த்துவிட்டு, மாதா கோவிலில் லைட்டைப் பீடத்தின் முன் வைத்து ஜெபம் சொல்லி எடுத்துக்கொண்டு போனோம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். உயிரை நம்பிக் கொடுக்கிற சாமானை ஆண்டவரிடம் காட்டாமல் நான் எடுத்ததில்லை.

4. எரிந்துகொண்டே இருந்த லைட்

வேலை நன்றாகவே நடந்தது. மேடத்துக்கு வீடியோவில் பரம திருப்தி. நாங்கள் யாரும் எதிர்பாராதது ஒன்று நடந்தது. பழைய டார்ச் வெளிச்சம் மேலே தெரியாது. கேனிஸ்டர் வெளிச்சமோ இருட்டுக் கிணற்றின் அடியில் பச்சையாகத் தெரிந்தது. மேலே நிற்பவருக்குக் கீழே இருக்கிறவன் எங்கே நிற்கிறான் என்பதே தெரிந்தது. மச்சானுக்கும் அது பிடித்துப்போனது. வாலைத் திட்டியதை மறந்துவிட்டார்.

பிறகு ஒரு நாள் சல்லடை வாயில் துணி அடைத்திருந்தது. மேலாற்றுப் படித்துறைகளில் பரிகாரம் முடித்தவர்கள் உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிடுவார்கள். சேலை, வேட்டி, துண்டு எல்லாம் வரும். வேறு மதத்தவர் காரியம் என்று நான் அதை இளப்பமாக நினைத்ததில்லை. ஒவ்வொரு துணியும் ஒருவருடைய துக்கம். கையில் எடுக்கும்போது முகம் தெரியாத அவர்களுக்காக ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லிவிடுவேன்.

துணி கட்டியாக இறுகிக் கிடந்தது. இரண்டு கையும் வேண்டியிருந்ததால் லைட் ஹெட்டைக் கழற்றிச் சல்லடைக் கம்பியில் தொங்கவிட்டு, கத்தியால் அறுத்து இழுத்தேன். கட்டி திடீரென்று பிரிந்து, அதிலிருந்த ஒரு நீளச் சேலை சுழன்று வந்து என் சிலிண்டர் வால்வில் சுற்றிக்கொண்டது. மறுநுனி ஒடிந்த கம்பியில் இறுகியது. பின்னால் நகர்ந்தால் இழுத்தது. பிடரிக்குப் பின்னால் கத்தி எட்டவில்லை. சிலிண்டரைக் கழற்றித் திரும்பலாம் என்று பார்த்தால், சேலை தோள்பட்டையையும் சேர்த்துச் சுற்றியிருந்தது.

கயிற்றை நான்கு தடவை இழுத்தேன்.

மனிதன் பிடித்திருக்கும் கயிறு இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும், பிறகு வாங்கும். இந்தக் கயிறு கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. மரத்தில் கட்டிய கயிறுபோல் நின்றது. மறுபடி நான்கு. அதேதான்.

மேலே நடந்ததை ராஜன் பிறகு சொன்னான். மோட்டார் ஆபரேட்டர் வந்து, ஊரில் தண்ணீர் இல்லையென்று போன்மேல் போன் வருகிறது, எப்போது முடியும் என்று சத்தம் போட்டிருக்கிறார். மச்சான் கயிற்றைக் கைப்பிடிக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் பேசப் போயிருக்கிறார். போனவர் கீழே கையைக் காட்டி, “அங்கன பாரும் வே, லைட் எரியுதுல்ல? மாப்ள வேலை பாக்கான். பைய முடிஞ்சிரும்” என்று சொல்லியிருக்கிறார். ராஜனும் லைட்டைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். லைட் அசையாமல், அழகாக எரிந்துகொண்டிருந்தது.

கீழே, என் கைக்கு எட்டுகிற தூரத்தில் அந்த லைட் தொங்கவில்லை. மாதாவே என்றேன். மூச்சு விடும் ரெகுலேட்டரை வாயில் கடித்துக்கொண்டு அதைக்கூட ஒழுங்காகச் சொல்ல முடியாது. மூச்சைக் குறைத்துக்கொண்டு இடுப்பைத் தடவினேன். கையில் கேபிள் தட்டுப்பட்டது.

கேபிளைச் சுருட்டி இழுத்தேன். ஹெட் கம்பியில் இடித்து, சிக்கி, பிறகு கழன்று என் பக்கம் வந்தது. அதை நெஞ்சோடு அழுத்தி வெளிச்சத்தை மறைத்தேன். கிணறு முழுக்க இருட்டு. திறந்தேன். மறைத்தேன். திறந்தேன்.

கயிறு உயிர்பெற்றது. ஒரு இழுப்பு. நான் நான்கு கொடுத்தேன். மேலே மச்சான் உடம்பு முழுவதையும் போட்டு இழுத்திருக்க வேண்டும். ஆற்றில் ஊறி நைந்த சேலை பிடரிக்குப் பின்னால் கிழிந்ததை நான் காதால் கேட்டேன் என்றே சொல்வேன். ராஜன் தண்ணீரில் குதிக்கும்போது நான் ஏணியருகே வந்துவிட்டேன்.

5. மறுபடி இறங்கியது

அன்றிலிருந்து நான் யாருக்குச் சொன்னாலும் கேனிஸ்டர் லைட்தான் வாங்கச் சொல்கிறேன். கேபிள் இல்லாத டார்ச்சாக இருந்திருந்தால் அது கம்பியிலேயே தொங்கி எரிந்துகொண்டிருக்கும், நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஹெட்டைக் கையை விட்டுக் கழற்றாதீர்கள். இரண்டு கையும் வேண்டுமென்றால் புறங்கையில் மாட்டியபடியே வேலை செய்யுங்கள். வெளிச்சம் ஆடட்டும், பரவாயில்லை. ஆடுகிற லைட்தான் ஆளைக் காட்டும். இடுப்பில் ஒரு கத்தி போதாது, நெஞ்சுப் பக்கம் இன்னொன்று வையுங்கள்.

வாங்கும்போது இவ்வளவையும் பார்த்த நாங்கள், அந்த வெளிச்சம் மேலே நிற்பவரை என்ன செய்யும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

அன்று நான் ஏறி வந்தபோது மச்சான் சுவரோரம் உட்கார்ந்து இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு இனி கயிறு வேண்டாம் மாப்ள. ராஜன் பிடிக்கட்டும். என் தங்கச்சி மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

வீடியோவுக்காக வந்திருந்த மேடம் பக்கத்தில் வந்தார். முகம் வெளுத்திருந்தது. “இன்னைக்கு விட்டுருங்க அண்ணாச்சி. ஊருக்கு ஒரு நாள் தண்ணி வரலைன்னா நான் பதில் சொல்லிக்கிடுதேன்.”

நல்ல மனுஷி. விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மச்சான் அன்று கயிற்றைத் தொடாமல் வீட்டுக்குப் போனால் பிறகு என்றைக்கும் தொடமாட்டார். எனக்கும் வேறு யார் கயிற்றிலும் மனம் ஊன்றி இறங்க வராது. அந்தப் பயத்தோடு ஒரு ராத்திரியைக் கழித்தால் அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் குடியேறிவிடும் என்று தோன்றியது. ராஜன் என் சிலிண்டர், வால்வு எல்லாவற்றையும் பார்த்து, புது சிலிண்டர் மாட்டினான். அறுபட்ட துணியில் மிச்சம் கொஞ்சம்தான், இருக்கும் இடமும் எனக்குத் தெரியும். சிலுவை போட்டுக்கொண்டு கயிற்று நுனியை மச்சான் மடியில் போட்டேன்.

“நீரு பிடிச்சா இறங்குதேன். இல்லன்னா வண்டிய எடும், வீட்டுக்குப் போவோம்.”

அவர் எழுந்து, கயிற்றை முழங்கையில் ஒரு சுற்று வாங்கி, உள்ளங்கையில் பிடித்தார்.

அந்த இறக்கத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை. இரண்டு துணி எடுப்பதற்குள் ஒரு இழுப்பு வரும், இருக்கியா? பதில் கொடுத்துக் கத்தியை எடுத்தால் மறுபடி ஒரு இழுப்பு. கடைசியில் எனக்கு எரிச்சல் வந்து, பதிலுக்குச் சற்றுப் பலமாகவே இழுத்தேன். சல்லடை சுத்தமாகி, வீடியோவும் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

ஏணியில் தலையை நீட்டியபோது முதலில் தெரிந்தது மச்சானின் முதுகு. கிணற்றைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். கயிறு தோளைச் சுற்றி முன்னால் வந்து, கண்ணுக்கு நேராக இரண்டு கையிலும் இருந்தது. நான் கீழே இருந்த நேரம் முழுவதும் அப்படியேதான் நின்றாராம். மேடம் கேட்டே விட்டாராம்.

“ஏன் அண்ணாச்சி, கீழ லைட்டப் பாக்காம இங்கன திரும்பி நிக்கிய?”

மச்சான் திரும்பாமலே சொல்லியிருக்கிறார்.

“பாத்தா நம்பிருவேன் மேடம்.”