ஆறு வீட்டுக்கு ஒரு அலாரம்

லவோன் ஸ்காக்லண்ட் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் படுக்கை விரிப்பு மடித்தவள். வாழ்க்கையில் செய்த பெரிய புத்திசாலித்தனம் எது என்று கேட்டால் நகராட்சிக்குப் போன் செய்ததைச் சொல்வாள். பெரிய முட்டாள்தனம் எது என்று கேட்டாலும் அதையேதான் சொல்வாள்.

ஆறு வருடத்துக்கு முன் அவள் குடியிருந்த கட்டடத்தில் ஜனவரி முழுக்க ஹீட்டர் ஓடவில்லை. அவள்தான் புகார் கொடுத்தாள். நகராட்சி நியாயமாகத்தான் நடந்தது. வீட்டுக்காரனின் வாடகை உரிமத்தை ரத்து செய்து, உரிமம் இல்லாத கட்டடத்தில் யாரும் இருக்கக் கூடாது என்று வாசலில் சிவப்பு நோட்டீஸ் ஒட்டியது. தண்டனை அவனுக்காம், தெருவுக்கு வந்ததோ பதினான்கு குடும்பங்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தவர்களை வெளியே கொண்டுவர, கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட கிழவரையே ஒவ்வொரு கதவாகக் கூப்பிடச் சொன்னார்கள். தெரிந்த குரலாயிற்றே என்று லவோனும் திறந்தாள். பதினோரு வாரம் மோட்டல் அறையில் மைக்ரோவேவ் சூப் குடித்தாள்.

இப்போது இருப்பது ஏரிக்கரையில் ஒரு மூன்றடுக்குச் செங்கல் கட்டடம், ஆறு வீடு. நகராட்சிச் சோதனையில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றாகிவிட்டது. மூன்றாவதும் போனால் இங்கேயும் சிவப்பு நோட்டீஸ்தான். வீட்டுக்காரன் புளோரிடாவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தான், போனை எடுப்பதில்லை. அடித்தளத்தில் கொதிகலன் ஓடுவதால் வாசனையே இல்லாமல் கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு வீட்டுக்கு ஒரு விஷவாயு அலாரம் வேண்டும் என்பது சட்டம். இருந்தது மொத்தமே ஒன்று. அதுவும் லவோன் கைக்காசில் வாங்கி, கொதிகலனுக்கு நேர் மேலே இருக்கும் இரண்டாம் எண் வீட்டில் மாட்டியது. அங்கே லைபீரியாக்காரி டென்னேயும் அவளுடைய ஐந்து வயது மகள் சியாட்டாவும் இருந்தார்கள். அலாரத்தின் மேல் சியாட்டா ஒரு பச்சை டைனோசர் ஒட்டியிருந்தாள்.

சோதனை நாளன்று குளிர் மைனஸ் முப்பது. பள்ளிக்கூடமே லீவு. கொதிகலன் காலையிலிருந்து மூச்சு விடாமல் ஓடியது. இன்ஸ்பெக்டர் அம்மாள் ஒவ்வொரு வீட்டையும் பார்த்து முடித்ததும், ஆறாம் எண்ணில் இருக்கும் சமையல்காரன் ஓரின் அலாரத்தைக் கழற்றிப் பின்படி வழியாக அடுத்த வீட்டில் மாட்டினான். லவோன் முன்படியில் இன்ஸ்பெக்டரை மூட்டுவலிக் கதை சொல்லி நிறுத்தி வைத்தாள்.

நாலாவது வீட்டில் அந்த அம்மாள் டைனோசரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் டைனோசர்னா உசிரு போல."

"ஒரே கடையில வாங்கினதுங்க," என்றாள் லவோன்.

"போன ஜனவரியில நானே ஒரு கட்டடத்துக்கு நோட்டீஸ் ஒட்டினேன். அந்த ஜனங்க எங்க போனாங்கன்னு இன்னும் தெரியல," என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் மேலே ஏறினாள். ஆறாம் வீட்டையும் பார்த்து, கையெழுத்துப் போட்டாள். ஆனால் கீழே போய்க் காரிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேலதிகாரி ஒரு நடை வந்து பார்ப்பாராம்.

"மேயரம்மா, அலாரத்தைக் கீழ கொண்டுபோய் மாட்டிடட்டுமா?" என்று லவோனைக் கேட்டான் ஓரின். கட்டடத்தில் அவளுக்கு அதுதான் பட்டப்பெயர்.

"அந்தக் கார் போகட்டும். படியில கையும் களவுமா மாட்டிக்காத."

லவோன் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். "இனிமே யார் தட்டினாலும் திறக்காதீங்க. டி.வி.யை அணைச்சுட்டு, ஆளே இல்லாத மாதிரி இருங்க. என் குரல் கேட்டாலும் திறக்காதீங்க. என்னைப் பக்கத்துல நிக்க வெச்சுக் கூப்பிடச் சொல்லுவாங்க, எனக்குத் தெரியும்."

டென்னே இரவு வேலை முடித்து வந்திருந்தாள். நெற்றியைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். "சரி, மிஸ் லவோன். தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"ராத்திரி பூரா நின்னா தெறிக்காம? போய்ப் படு."

மேலதிகாரி வரவேயில்லை. நாலு மணிக்குக் கார் போனது. லவோன் அலாரத்தை எடுக்க மாடி ஏறும்போதே அது அலறத் தொடங்கியது. ஓரின் ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தான். "பேட்டரியா இருக்குமோ?" என்றான்.

பேட்டரி அவளே போன வாரம் மாற்றியது. புகைக்குழாய் அடித்தளத்திலிருந்து சுவருக்குள்ளேயே ஏறி வருகிறது. உச்சிமாடி வரைக்கும் வந்துவிட்ட வாயு கீழே எவ்வளவு நேரமாக நிற்கிறதோ? போன் செய்தால் தீயணைப்பு வரும். பின்னாலேயே நகராட்சி வரும், நோட்டீஸ் வரும், மோட்டல் வரும். படியிறங்கிக்கொண்டே எண்களை அழுத்தினாள். விலாசத்தை இரண்டு முறை சொன்னாள்.

ஐந்தாம் எண் கதவைத் தட்டினாள். "நான்தான், லவோன்! வெளிய வாங்க!" உள்ளே ரேடியோ சட்டென்று நின்றது. யாரும் வரவில்லை. மூன்றாம் எண்ணில் காலடிச் சத்தம் அப்படியே அடங்கியது. சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளைகள். பின்னால் வந்த ஓரின் தோளால் கதவை இடிக்க ஆரம்பித்தான். லவோன் கீழே ஓடினாள்.

இரண்டாம் எண்ணை இரண்டு கையாலும் தட்டினாள். "டென்னே! சியாட்டா! நான் அப்போ சொன்னது தப்பும்மா, திறங்க!" உள்ளே கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு வாத்து எதற்கோ சிரித்தது. டி.வி.யை அணைக்க யாரும் வரவில்லை. லவோன் தட்டிக்கொண்டே இருந்தாள், வாத்தும் சிரித்துக்கொண்டே இருந்தது.