பழைய நேரமோ, புது நேரமோ?

மார்ச் கடைசி ஞாயிறு என்றாலே எனக்கு இப்போது எரிச்சல்தான். பின்னேரத்தில் வெளிச்சம் கூடக் கிடைக்கும், மின்சாரம் மிச்சப்படும் என்று சொல்லித்தான் ஜெர்மனியில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுகிறார்கள். அந்த மிச்சத்தை என் மின்சார பில்லில் நான் ஒருநாளும் கண்டதில்லை.

எங்கள் ஆட்களுக்கு இந்த விளையாட்டுப் புதிதல்ல. இலங்கையில் அரசாங்கம் நேரத்தை மாற்றியபோது எங்கள் பக்கத்தில் பலர் பழைய நேரத்திலேயே இருந்தார்கள். யார் எந்த நேரத்தைச் சொன்னாலும் "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்பது அப்போது தொற்றிய பழக்கம். இங்கே வந்தும் விடவில்லை. அதை வைத்தே என்னை ஏமாற்றலாம் என்று நான் நினைக்கவில்லை.

கீழ்வீட்டு அக்காவின் மகளுக்குக் கல்யாணம். அக்கா சொந்தமில்லை, அகதி முகாமில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர். அவர் விடியவே துப்புரவு வேலைக்குப் போய்விட, அந்தப் பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னி, கிண்டர்கார்டனுக்குக் கூட்டிப் போனவள் நான். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்குத் தாலி ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கிடந்து தவித்தேன்.

கல்யாணம் அந்தக் கடைசி ஞாயிறு. அட்டையில் முகூர்த்தம் பத்து மணி. முதல் நாள் அக்கா போன் எடுத்தார்.

"அட்டையில கிடக்கிறது பழைய நேரம். ஐயர் பஞ்சாங்கத்தைப் பாத்து அப்பிடியே சொல்லிப்போட்டார். நீர் பதினொண்டுக்கு வந்தால் காணும்."

"ஓம் அக்கா" என்றேன்.

பொறுக்கமாட்டாமல் பதினொன்றுக்கு முன்னரே போய்விட்டேன். மணமக்களோடு படம் எடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். தாலி கட்டி முடிந்துவிட்டது.

அக்கா ஓடிவந்தார். "ஐயோ, இந்த நேரம் மாத்திறதால வந்த வில்லங்கம். நான் பிழையாக் கணக்குப் பாத்திட்டன்."

மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். வேறு நகரங்களிலிருந்து வந்தவர்கள்கூட ஆறுதலாக இருந்து பலகாரம் சாப்பிட்டார்கள். பிந்தி வந்தது நான் ஒருத்திதான். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"எங்களுக்கு ஒருத்தரும் நேரம் மாத்திச் சொல்லேல்லையே" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. என் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகவில்லை. தாலி இல்லாத நான் முழுவியளத்துக்கு, நல்ல சகுனத்துக்கு, ஆகாதவள். முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்; பிறகு கடைசிக் கதிரையில் போய் இருந்திருப்பேன். அதற்குக்கூட மனமில்லாமல் மணிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். ஒரே பானையில் சோறு தின்ற மனுசி!

பிள்ளை மேடையிலிருந்து இறங்கி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அன்ரி, தாலி கட்டேக்க நிக்க உங்களுக்கு விருப்பமில்லை எண்டு சொன்னனீங்களாம். அங்கிளின்ர நினைப்பு வருமாம். அம்மா சொன்னவ. எனக்காகவும் வர ஏலாதோ?"

அக்கா அவளுக்குப் பின்னால் நின்று, ஒன்றும் சொல்லாதே என்று கண்ணால் கெஞ்சினார்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை, பிள்ளை" என்றேன். மண்டபத்துக்கே கேட்கட்டும் என்று இன்னொரு தரம் உரத்துச் சொன்னேன்.