கல்லூரிக் கரடியின் வரலாறு

என் கணவர் ஆறு வருடங்கள் கரடியாக இருந்தார்.

லண்டனில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி. அதன் ரக்பி அணிக்குச் சின்னம் கரடி. புதன்கிழமைப் பிற்பகல்களில் ஆட்டம் நடக்கும்போது யாராவது ஒருவர் கரடி வேடம் போட்டுக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் ஆட வேண்டும், விழ வேண்டும், எதிர் அணியைப் பார்த்து உறும வேண்டும். என் கணவர் அங்கே மாணவர் அல்ல. மாணவர் சங்கக் கட்டிடத்தில் துப்புரவு வேலை செய்தார்.

ஊரில் அவர் பொறியியல் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவர். போரும் பிரச்சினைகளும் தொடங்கிய பின் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு எண்பதுகளின் நடுவில் இருவரும் இங்கே வந்து சேர்ந்தோம். ஹவுன்ஸ்லோவில் ஒரு அறை கிடைத்தது. எனக்கு விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை. மிச்சப் படிப்பை முடிக்க வழி பிறக்கும் என்று நினைத்தே அவர் அந்தக் கல்லூரி வேலையை எடுத்தார். கல்லூரி அலுவலகத்தில் ஊரில் எடுத்த பழைய புள்ளிகளுக்கு அத்தாட்சி கேட்டார்கள். ஊரில் படித்த பல்கலைக்கழகத்துக்கு மூன்று கடிதம் போட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

ஆர்ச்வே முருகன் கோயிலில் தெரிந்தவர்கள் என்னைக் கேட்பார்கள், உங்கட மனுசன் எங்கை வேலை என்று. யூனிவர்சிட்டியிலை என்பேன். அவர்கள் விரிவுரையாளர் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்துவதில்லை.

கரடி வேடம் தற்செயலாக வந்தது. ஒருநாள் வேடம் போடும் மாணவனுக்குக் காய்ச்சல். அணியின் வான் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த இவரை அணித்தலைவன் கேட்டிருக்கிறான். அடுத்த வாரமும் கேட்டான். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார்கள். புதன்கிழமை என்றால் இவர்தான் என்று ஆகிவிட்டது.

ஒருமுறை லீவு போட்டுவிட்டுப் பார்க்கப் போனேன். விம்பிள்டனுக்கு அப்பால் ஒரு மைதானம், தூறல். கரடி சேற்றில் உருண்டது. மாணவர்கள் அதன் முதுகில் அறைந்தார்கள். ஒருவன் அதன் தலையில் பியர் ஊற்றினான். கரடி குனிந்து வணக்கம் சொன்னது. எல்லாரும் சிரித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் வான் வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் தலையைக் கழற்றினார். முகம் அவித்த மாதிரிச் சிவந்திருந்தது.

“பாத்தனீரே? நல்லா இருந்ததே?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன். அவர் சந்தோசமாக இருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தச் சந்தோசம் அவரை எங்கெல்லாமோ கொண்டுபோயிற்று. சங்கக் கட்டிடத்தின் நிலவறையைத் துப்புரவாக்கச் சொன்னபோது பழைய மாணவர் சஞ்சிகைகள் கட்டுக்கட்டாகக் கிடந்திருக்கின்றன. எறியச் சொன்னதை எறியாமல், சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாக வாசித்தார். கரடியைப் பற்றி எங்கே ஒரு வரி வந்தாலும் ஆங்கிலத்தில் ஒரு கொப்பியில் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தமிழில் சொல்வார். முதற் கரடி மரத்தில் செய்தது. ஒரு மதுச்சாலை வாசலில் இருந்ததை மாணவர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். போட்டிக் கல்லூரிக்காரர் அதைத் திருடிப் பச்சை நிறம் அடித்துத் தேம்ஸில் விட்டார்கள். இரண்டாவது கரடி உலக யுத்த காலத்தில் விறகாகிப் போனது. பிறகு ஒரு பேராசிரியரின் மனைவி பழைய கம்பளிக் கோட்டுகளை வெட்டி முதல் வேடத்தைத் தைத்தாள். இப்படி ஐம்பது, அறுபது பக்கம். கடைசிப் பக்கத்தில் தன்னைப் பற்றி ஒரே ஒரு வசனம் எழுதியிருந்தார். இந்த வருடத்திலிருந்து இந்த வேடத்தை அணிபவர் இன்னார், இந்தக் கட்டிடத்தின் ஊழியர் என்று.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சங்கம் கரடியின் வரலாற்றைக் கண்காட்சியாக வைக்க முடிவு செய்தது. பொறுப்பாக இருந்த மாணவி மரியாதையான பிள்ளை. அவரிடம் கொப்பியை வாங்கிப் போனாள். திறப்பு நாளுக்கு எங்கள் இருவரையும் வரச் சொன்னாள். நான் சேலை உடுத்திக்கொண்டு போனேன்.

சுவர் முழுக்கப் பலகைகள். மரக் கரடி, தேம்ஸ், பேராசிரியரின் மனைவி எல்லாம் இருந்தன. தன்னுடைய வசனங்களே அப்படியே இருக்கின்றன என்று அவர் என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார். கடைசிப் பலகைக்கு வந்தோம். அதன்பின் பல மாணவர்கள் இந்த வேடத்தை அணிந்து வந்திருக்கிறார்கள் என்று முடித்திருந்தார்கள். கீழே கை உயர்த்தி நிற்கும் கரடியின் படம். இடது கையில் என் பழைய சுவெட்டரை வெட்டி நான் போட்ட ஒட்டு தெளிவாகத் தெரிந்தது.

அவர் அந்தப் பலகையை இரண்டு முறை வாசித்தார். மாணவி வந்து, அவருடைய உதவிக்கு நன்றி சொன்னாள். அவரும் நன்றி சொன்னார்.

ரெயிலில் திரும்பி வந்தோம். ஹவுன்ஸ்லோ கிட்ட வந்ததும், “பிழை ஒண்டும் இல்லை. நான் ஸ்ருடென்ற் இல்லைத்தானே” என்றார்.

எனக்கு மனம் ஆறவில்லை. அவருக்குச் சொல்லாமல், வேலையிடத்தில் ஒரு பிள்ளையைக் கொண்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவித்துச் சங்கத்துக்கு அனுப்பினேன். இரண்டு கிழமையில் பதில் வந்தது. கடிதத்துக்கு நன்றி, வேடம் அணிந்தவர்கள் பற்றிய பதிவு எதுவும் தங்களிடம் இல்லை, புதிய வேடம் ஒன்று தயாராகிறது, அந்த வேடத்துக்குள் இனிமேல் மாணவர் மட்டுமே இருப்பார் என்று. கடித உறையை முதலில் உடைத்தவர் அவர்.

“ஆரைக் கேட்டு எழுதினனீர்?” என்றார். குரல் உயரவில்லை. “நான் ஒருத்தரும் இல்லை எண்டு இப்ப எழுத்திலையும் தந்திட்டாங்கள்.”

நான் கடிதத்தை மடித்து உறைக்குள் திரும்ப வைத்தேன்.

அந்த மாதமே வேலையை விட்டார். பிறகு விமான நிலையத்தில் பயணிகள் விட்டுப்போகும் தள்ளுவண்டிகளைச் சேர்க்கும் வேலைக்குப் போனார். வாசிப்பது நின்றது. பேச்சுக் குறைந்தது. கோயிலுக்கு நான் தனியே போனேன். சில வருடங்களில் அந்த வேலைக்கும் போகாமல் கட்டிலிலேயே கிடக்கத் தொடங்கினார். குளிக்கச் சொன்னால் குளிப்பார், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், வேறொன்றும் இல்லை.

கெஞ்சி ஒருநாள் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். தமிழ்நாட்டுக்காரர், இளம் வயது. கனிவாக விசாரித்தார். நித்திரை வருகிறதா, பசிக்கிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, “இதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தீங்க?” என்றார்.

“ஒண்டும் செய்யேல்லை, டொக்டர்.”

நான் வாயைத் திறந்தேன். கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை, சொல்லாதே என்ற கெஞ்சல்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். டொக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பஸ் தரிப்பிடத்தில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். இரண்டு பஸ்கள் வந்து போயின. ஏறுவோமா என்று இருவரில் ஒருவரும் கேட்கவில்லை.