சாம்பல் இல்லாத இன்ஜின்

போன கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் கரும்புச் சாறு வாங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த டீசல் புகை மூக்கில் ஏறியதும் சாற்றை மறந்து கங்கம்மாவை நினைத்துக்கொண்டேன். வயதானால் இப்படித்தான், மூக்கு எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது.

யுத்தம் முடிந்திருந்த சமயம். திருத்தணி ஸ்டேஷனில் நான் கூட்ஸ் கிளார்க். கல்யாணமாகாதவன், வேகாத வெயிலிலும் சட்டை மடிப்புக் கலையாமல் திரிந்தவன். தண்ணீர் பிடிக்க நிற்கும் இன்ஜின்கள் தள்ளிவிட்டுப் போகும் சாம்பலைச் சலித்து, பாதி வெந்த கரியைப் பொறுக்கி ஊருக்குள் விற்பாள் கங்கம்மா. புருஷன் காலராவில் போய்விட்டான். ஒரே பெண் குழந்தை. சிரித்தால் கரி படிந்த முகத்தில் பல் மட்டும் பளிச்சென்று தெரியும். அதைப் பார்ப்பதற்கென்றே சாம்பல் மேட்டுப் பக்கம் எனக்கு ஏதாவது வேலை இருக்கும்.

அப்போது மதராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நீராவிக்குப் பதில் டீசல் வைத்தால் ரயில்வேக்குக் கட்டுபடியாகுமா என்று பார்க்கிற வேலை. நல்ல மனிதர். கரி எவ்வளவு தின்கிறது, தண்ணீருக்காக எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்று எல்லாரையும் மரியாதையாக விசாரித்தார். எண்ணெய் கப்பலில் வரவேண்டும், அது ஒன்றுதான் இடிக்கிறது, ஆனாலும் கடைசியில் டீசல்தான் ஜெயிக்கும் என்றார். ரொம்ப விஷயம் தெரிந்தவன் மாதிரி நானும் தலையை ஆட்டினேன்.

கேட்டுக்கொண்டு நின்ற கங்கம்மா, "அப்போ சாம்பல எங்க கொட்டுவாங்க, சாமி?" என்றாள்.

"சாம்பலே இருக்காதும்மா!" என்றார் அவர், நல்ல சேதி சொல்கிற சந்தோஷத்தோடு.

அடுத்த வாரமே மூட்டை கட்டிவிட்டாள். பள்ளிப்பட்டில் அவள் அண்ணன் தறி போட்டிருந்தான்.

"இப்பவே வந்துடாது கங்கம்மா. வருசக்கணக்காவும்" என்றேன்.

"வர்ற அன்னிக்கு இந்தப் பொண்ண இட்டுகினு எங்கங்க ஓடுவேன்? கையில தெம்பு இருக்க சொல்லவே நூல் சுத்தக் கத்துக்கறேன்."

இரு என்று சொல்ல வாய் வரை வந்தது. எந்த உரிமையில் சொல்வது? மூட்டையைத் தூக்கி பஸ்ஸில் வைத்தேன்.

டீசலோ வருகிற வழியாகவே இல்லை. இரண்டு வருஷம் கழித்துப் பள்ளிப்பட்டுச் சந்தையில் அவளைப் பார்த்தேன்.

"இன்னும் கரி வண்டிதான் ஓடுது" என்றேன், வந்துவிடுவாளோ என்ற நப்பாசையில்.

"ஓடட்டுங்க. எனக்கு இருமல் நின்னுபோச்சு" என்றாள்.

அவளுக்கு இருமல் இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு டீசல் வந்தது. அதுவும் போய் இப்போது கரண்டில் ஓடுகிறது. தண்ணீர்த் தொட்டியை இடித்துவிட்டார்கள். சாம்பல் மேட்டில் சைக்கிள் நிறுத்துகிறார்கள். போன வருஷம் பள்ளிப்பட்டில் அந்தத் தெருவுக்குப் போய் விசாரித்தேன். கங்கம்மா என்று ஒருத்தி இருந்தது அங்கே யாருக்கும் தெரியவில்லை.