சித்தி தொட்ட செம்புத் தகடு

“மருந்துல பொழங்குன கைக்குக் கரண்ட் வைக்கப் போறியாக்கும்? படிச்ச புள்ள பேசுற பேச்சா இது?” பக்கவாதம் வந்து கிடந்த சித்தியைப் பார்க்க வந்த ஆலை போர்மேன், எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். அப்போது என் நினைவுக்கு வந்தது ஒரு செம்புத் தகடு.

அச்சங்குளம் பக்கம் சித்தி வேலை பார்த்த பட்டாசு ஆலையில், மருந்து அறை வாசலில் அது பதித்திருக்கும். வெடிமருந்தை அங்கே மருந்து என்றுதான் சொல்வார்கள். தகட்டைத் தொட்டால் உடம்பில் சேர்ந்த மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும். தொடாமல் போனால் சின்னப் பொறி போதும். பதினெட்டு வருடப் பழக்கம். சித்தி எங்கள் வீட்டு அடுப்படிக்குக்கூட கதவு நிலையைத் தொட்டுவிட்டுத்தான் போவாள். குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள், பிசியோதெரபி படித்தவள் என்ற மிதப்பில் நான் அதைக் கேலி செய்திருக்கிறேன்.

போன வருடத் தீபாவளிச் சீசன் நேரம். காலை பத்து மணிக்குச் சித்தியின் வலது கை விழுந்தது, வாய் கோணியது. போர்மேன் வெறும் மயக்கம் என்று சொல்லி வேப்பமரத்தடியில் படுக்க வைத்தார். லோடு ஏற்றும் அவசரம். சாயங்கால வேனில்தான், மற்றவர்களோடு சேர்த்து, வீட்டுக்கு அனுப்பினார். பக்கவாதத்தில் முதல் சில மணி நேரம் எவ்வளவு பெரியது என்று நான் படித்திருக்கிறேன். அந்த நேரத்தைச் சித்தி மரத்தடியில் கழித்தாள். இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

அதே மனிதரின் பேச்சைக் கேட்டு, தசைக்கு லேசாக மின்சாரம் கொடுக்க நான் கொண்டுவந்த மின்தூண்டல் இயந்திரத்தைச் சித்தி இரண்டு மாதம் பக்கத்தில் விடவில்லை. “வெடிச்சிரும் தாயி” என்பாள். கை மடங்கி இறுகிக்கொண்டே வந்தது. கெஞ்சினேன், கத்தினேன். கடைசியில் ஒருநாள் அதன் பட்டைகளை என் முன்கையில் ஒட்டிக்கொண்டு இயந்திரத்தைப் போட்டேன். என் மணிக்கட்டு தானாக நிமிர்ந்தது. வெகுநேரம் பார்த்தாள்.

“நீ வெடிக்கலையே.”

“இப்போதைக்கு இல்ல, சித்தி.”

கோணல் வாயோடு சிரித்தாள். இடது கையால் ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டாள். பிறகு அதே கையால் வலது கையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

மின்சாரம் கையைத் தூக்கும்போது அவளும் தூக்க முயல வேண்டும். அப்போதுதான் மூளை மறுபடி கற்றுக்கொள்ளும். தினமும், மாதக்கணக்கில். இப்போது டம்ளரைப் பிடிக்கிறாள். சோறு பிசைய முடியவில்லை. அந்த ஒரு பகலும் இரண்டு மாதமும் வீணாகாமல் இருந்திருந்தால் பிசைந்திருப்பாளோ என்னவோ. அதை இனி யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பொறிக்குத் தகடு வைத்திருக்கிறார்கள். கை விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை. சிவகாசியில் நானே ஓர் அறிவிப்புத் தாள் அச்சடித்து வாங்கினேன்: ‘வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் வேனுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே பெரிய ஆஸ்பத்திரி.’

போன திங்கட்கிழமை அந்த ஆலைக்குப் போனேன். இந்தச் சீசன் முடியட்டும், ஒட்டுவதைப் பார்க்கலாம் என்றார் போர்மேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே செம்புத் தகட்டைத் தொட்டேன். அதற்கு நேர் மேலே தாளை ஒட்டிவிட்டு வந்தேன்.