நன்கொடைக் காரில் செவன் கிங்ஸிலிருந்து கேட்ஃபோர்டு வரை

கடந்த ஜூனில் அலுவலக வேலையாக ஆறு வாரம் லண்டனில் இருந்தேன். பார்க்க வேண்டிய இடங்கள் என்று சேலத்திலிருந்தே ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு சனிக்கிழமைதான் இப்போது நினைவில் நிற்கிறது. லண்டனில் பழைய காரைத் தானமாகக் கொடுக்க நினைப்பவர்களுக்கும், கிழக்கிலிருந்து தெற்கு லண்டனுக்கு எப்படிப் போவது என்று தேடுபவர்களுக்கும் இது பயன்படலாம்.

நான் கிழக்கு லண்டனின் செவன் கிங்ஸில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். வீட்டுக்காரர் சுபா அக்கா, இலங்கையின் சாவகச்சேரிக்காரர், நாற்பத்தாறு வயது. பக்கத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் உதவியாளர் வேலை. அதற்கு முன் ஆறு வருடம், வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, சாப்பாடு கொடுக்கும் வேலை பார்த்தவர். அந்த வேலைக்காக வாங்கிய சின்ன டீசல் கார் வாசலில் சும்மா நின்றது. இப்போது வேலைக்கு பஸ்ஸில் இருபது நிமிடம்தான். பழைய டீசல் வண்டியை லண்டனுக்குள் எடுத்தால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை பவுண்டு மாசுக் கட்டணம் வேறு.

விற்றுவிடலாமே என்று கேட்டேன்.

"விக்கேல்ல. றேடியோவுக்குக் குடுக்கப் போறன்" என்றார்.

தெற்கு லண்டனில், மோர்டனில் ஒரு சிறிய தமிழ் வானொலி இருக்கிறது. அறக்கட்டளையாகப் பதிவானது; விளம்பரம் கிடையாது, முழுக்கக் கேட்பவர்களின் நன்கொடையில் ஓடுகிறது. (பெயரை எழுதவில்லை. இது அவர்களுக்கான விளம்பரக் கட்டுரை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.) பாட்டு கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பாடம்: வேலைக்குப் போகிறவர்களுக்கான ஆங்கிலம், டிரைவிங் தியரித் தேர்வு, பிள்ளைகளுக்குக் கணக்கு. சில பாடங்களை வீடியோவாகவும் எடுத்துப் போடுகிறார்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே கிடைக்கும் இருபது நிமிடத்தில், போனிலிருந்து காரின் ஸ்பீக்கருக்கு ஒரு வயரை மாட்டி, அக்கா ஆங்கிலப் பாடம் கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரி வேலைக்குத் தேவையான ஆங்கிலத் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறினார். அந்த நன்றிக்குத்தான் கார்.

இப்படிக் கொடுப்பதற்கு அங்கே வழி இருக்கிறது. பழைய காரை இலவசமாக எடுத்துப்போய், ஏலத்தில் விற்று, வரும் தொகையை நாம் சொல்லும் அறக்கட்டளைக்கு அனுப்ப நிறுவனங்கள் உண்டு. வீட்டு வாசலுக்கே லாரி வரும். ஆனால் அக்கா, தானே ஓட்டிக்கொண்டு போய் மோர்டனில்தான் கொடுப்பேன் என்று நின்றார். அந்தச் சனிக்கிழமை வானொலியில் நன்கொடை திரட்டும் நிகழ்ச்சி, காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை. பதினொன்றேகாலுக்கு அக்கா நேரடி ஒலிபரப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். ஒரு மணிக்கு லாரி அங்கேயே வந்து காரை எடுத்துக்கொள்ளும். துணைக்கு நான்.

காலை எட்டே முக்காலுக்குக் கிளம்பினோம். செவன் கிங்ஸிலிருந்து மோர்டன் ஏறக்குறைய இருபது மைல்; சனிக்கிழமை என்றால் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா முதல் நாளே காரைக் கழுவியிருந்தார். உள்ளே எலுமிச்சை வாசனை. பின் இருக்கையில் ஒரு டப்பா நிறைய வடை.

"என்னத்தைக் கதைக்கிறது எண்டு எழுதி வச்சிருக்கிறன், கவி. வாசிச்சுக் காட்டட்டே?" என்று கேட்டு, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஒரு தாளை எடுத்துப் படித்தார். மேன்மைதங்கிய, பேருதவி, கடமைப்பட்டுள்ளேன் என்று சுத்தமான மேடைத் தமிழ். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். பொய்தான்.

பிளாக்வால் சுரங்கப்பாதையை ஒன்பதரைக்குக் கடந்தோம். தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் போகிற பாதை. முன்பு இலவசமாக இருந்தது, இப்போது கட்டணம். வார இறுதியில் காருக்கு ஒன்றரை பவுண்டு. வசூல் சாவடி எதுவும் இருக்காது. ஆன்லைனில் நாமே மூன்று நாளுக்குள் கட்ட வேண்டும். மறந்தால் அபராதம் வீட்டுக்கு வரும்.

பத்து மணிக்கு கேட்ஃபோர்டு வந்தது. கழிப்பறைக்காக ஒரு பெட்ரோல் பங்கில் ஐந்து நிமிடம் நிறுத்தினோம். திரும்பி வந்து சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருகினார். மறுபடியும் டிக்.

கவுண்டரில் நின்றவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். லண்டன் பெட்ரோல் பங்குகளில் தமிழர் நிற்பது அதிசயமில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றைக்கு அது எங்கள் அதிர்ஷ்டம். யாரோ ஒரு வாடிக்கையாளரின் காரிலிருந்து வயர் இழுத்து பேட்டரிக்கு உயிர் கொடுத்துப் பார்த்தார். பானெட்டுக்குள் தலையை விட்டு எதையோ தட்டினார்.

"பற்றரி நல்லாத்தான் இருக்குது அக்கா. ஸ்ராட்டர் மோட்டர் போட்டுது. இண்டைக்கு இது அசையாது."

அக்கா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். நேரடிப் பேச்சுக்கு இன்னும் ஐம்பது நிமிடம்கூட இல்லை. ரயிலைப் பிடித்தாலும் அதற்குள் மோர்டன் போய்ச் சேர முடியாது. அதைவிட வேறொன்றுதான் அவரை வாட்டியது.

"பழுதான சாமானைத் தூக்கிக் குடுக்கிற மாதிரி ஆச்சுது. இதுக்கே நான் பெருமையாக் கதைக்கப் போனனான்?" கண் கலங்கிவிட்டது.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கார் எடுக்கும் நிறுவனத்துக்குப் போன் போட்டேன். மறுமுனையில் இருந்த பெண், ஓடாத காரையும் எடுப்போம், லாரி பக்கத்தில்தான் சுற்றுகிறது, பன்னிரண்டு மணிக்கு கேட்ஃபோர்டுக்கே அனுப்புகிறேன் என்றார். அடுத்து வானொலிக்கு. எடுத்தவர் அபி. அக்கா ஆறு வருடம் கேட்ட ஆங்கிலப் பாடத்தின் குரல் அவருடையதுதான். விஷயத்தைச் சொன்னேன்.

"தட்ஸ் ஃபைன்! அக்காவை கார்ல இருந்தே பேசச் சொல்லுங்கோ. வி வில் கோல் ஹெர்" என்றார்.

பதினொன்று பதினைந்துக்கு அக்காவின் போன் அடித்தது. சத்தம் வராமல் இருக்கக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு காருக்குள் தனியாக உட்கார்ந்தார். நானும் பங்க் அண்ணையும் வெளியே என் போனில் ஒலிபரப்பைப் போட்டுக்கொண்டு நின்றோம். ஆன்லைனில் குரல் அரை நிமிடம் தாமதமாக வருகிறது. கண்ணாடிக்கு உள்ளே அக்காவின் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டே இருப்போம். அவர் பேசியது பிறகுதான் எங்களுக்குக் கேட்கும்.

"சுபா அக்கா, கார் எங்கே?" என்று அபி கேட்டார்.

"கார் நிண்டுட்டுது பிள்ளை. நான் அதுக்குள்ள இருந்துதான் கதைக்கிறன்."

எழுதி வைத்த தாள் டாஷ்போர்டில் கிடப்பது எனக்குத் தெரிந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"நான் ஒரு பெரிய பேச்சு எழுதினனான். இப்ப அது சரிவராது. நான் ஓடாத காரைத் தாறன், அதை முதல்ல சொல்லிப்போடுறன். ஆனா ஓடேக்க இது என்ர பள்ளிக்கூடம். ஒரு வீட்டில வேலை முடிஞ்சு வந்து, சாப்பாட்டுப் பெட்டியை மடியில வச்சுக்கொண்டு, நீங்கள் சொல்லித் தாறதைத் திருப்பிச் சொல்லுவன். ரோட்டில போறவை எனக்கு விசர் எண்டு நினைச்சிருப்பினம். இரண்டு தரம் ஃபெயில் விட்டனான். ஃபெயில் விட்ட அண்டும் றேடியோவில பாடம் போச்சுது. நான் வராட்டியும் நீங்கள் வந்தீங்கள். ஆரோ காசு குடுத்தபடியாத்தானே அது நிக்காமப் போனது? அவை ஆர் எண்டு எனக்குத் தெரியாது. அதுதான் நானும் தாறன்."

பங்க் அண்ணை போனையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு வாடிக்கையாளர்கள் கவுண்டரில் காத்திருந்தார்கள். அதை அவர் கவனிக்கவில்லை.

அக்கா கதவைத் திறந்து இறங்கினார். உள்ளே வெக்கையில் சேலை நனைந்து போயிருந்தது. "பிழையாக் கதைச்சிட்டன் என்ன?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அண்ணை, "இது எந்த நேரம் போகுது அக்கா? எனக்கில்லை, என்ர மனிசிக்கு. வந்து மூண்டு வருஷம், டொக்டரிட்டப் போறதெண்டாலும் இங்கிலீஷ் கதைக்க நான் லீவு போட்டுக்கொண்டு பின்னால போகவேணும்" என்றார். அக்கா அதே மேடைப்பேச்சுத் தாளின் பின்பக்கத்தில் பாட நேரங்களை எழுதிக் கொடுத்தார். அண்ணைக்கு நாலு வடையும்.

லாரி சொன்னபடி பன்னிரண்டுக்கு வந்தது. ஓட்டுநர் லாக் புக் என்கிற வண்டிப் பதிவுச் சான்றைப் பார்த்து, கையெழுத்து வாங்கி, சங்கிலி மாட்டி ஐந்தே நிமிடத்தில் காரை மேலே ஏற்றிவிட்டார். அக்கா பானெட்டை ஒரு முறை தடவினார். பிறகு, "வாங்கோ, ரெயினைப் பிடிப்பம்" என்று முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார்.

கேட்ஃபோர்டிலிருந்து எலிஃபண்ட் அண்ட் காசில் வரை ரயிலில் சுமார் இருபது நிமிடம். அங்கே நார்தர்ன் லைனில் மாறினால் மோர்டன்தான் கடைசி நிறுத்தம். இன்னும் இருபத்தைந்து நிமிடம். ஒன்றேகாலுக்கு வானொலி நிலையத்தில் இருந்தோம்.

தரைவிரிப்புக் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள். ஒலிப்பதிவு அறையின் சுவரில் யாரோ கொடுத்த பழைய மெத்தைகளைப் பிரித்து ஒட்டியிருந்தார்கள். மைக் ஒரு பல் மருத்துவர் வாங்கித் தந்தது. வீடியோ எடுக்கும் கேமரா, கல்யாணப் படம் எடுப்பதை நிறுத்திய ஒருவருடையது. எல்லாமே தானம். பாடம் சொல்பவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. பணமாக வரும் நன்கொடை வாடகைக்கும், ஒலிபரப்பு உரிமத்துக்கும், இணையச் செலவுக்கும் போகிறது. மாதம் இரண்டு பவுண்டு, மூன்று பவுண்டு என்று வங்கியிலிருந்து தானாகப் போகும்படி வைத்திருப்பவர்கள்தான் உண்மையில் தாங்கிப்பிடிக்கிறார்கள் என்று அபி சொன்னார். பெரிய தொகை எப்போதாவதுதான் வரும். வாடகையோ மாதாமாதம் கட்ட வேண்டும்.

அபியைப் பார்த்ததும் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். ஜீன்ஸ், மூக்கில் சின்ன வளையம், இருபத்தொன்பது வயது. "நான் கொண்டையும் கண்ணாடியுமா ஒரு ரீச்சரை நினைச்சு வச்சிருந்தன்" என்றார். அபி கலகலவென்று சிரித்தார். மோர்டனிலேயே பிறந்து வளர்ந்தவர். பேச்சுக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி தருவது தொழில். "அக்கா, என்ட டமில் தான் வீக். நீங்கள் இங்கிலீஷ் படிச்சீங்கள், நான் உங்களுக்குப் பாடம் செய்யத் தமிழ் படிச்சன்" என்றார். நிகழ்ச்சி முடிந்ததும் இரண்டு பேரும் வடையைப் பிட்டுக்கொண்டே முக்கால் மணி நேரம் பேசினார்கள். எனக்கு அந்த அறையில் வேலையே இல்லை. சந்தோஷமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் வழி: மோர்டனிலிருந்து நார்தர்ன் லைனில் மூர்கேட், அங்கிருந்து எலிசபெத் லைனில் செவன் கிங்ஸ். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம், வார இறுதியில் ஏறக்குறைய மூன்றரை பவுண்டு. சொல்லப்போனால் கார் எடுத்திருக்கவே வேண்டாம்.

கார் கொடுக்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. லாக் புக் கையில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். கார் போன பிறகு, அது இனி உங்களுடையது இல்லை என்று வாகனப் பதிவு அலுவலகத்துக்கு ஆன்லைனில் தெரிவித்துவிடுங்கள். இன்சூரன்ஸை நிறுத்தவும் மறக்காதீர்கள். நீங்கள் அங்கே வருமான வரி கட்டுபவர் என்றால் 'கிஃப்ட் எய்ட்' படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசாங்கம் இருபத்தைந்து பென்ஸ் சேர்த்து அந்த அறக்கட்டளைக்குக் கொடுக்கும். ஓடாத கார் என்று கூச்சப்பட வேண்டாம். அக்காவின் கார் உதிரிப் பாகங்களுக்காக ஏலம் போனது. வந்த தொகை பெரிதில்லை என்றாலும் ஒரு மாத இணையச் செலவைத் தாங்கியது என்று அபி எழுதியிருந்தார். கார் இல்லாதவர்கள், லண்டனில் இல்லாதவர்கள், தினமும் கேட்கும் ஏதாவது ஒரு கல்வி வானொலிக்கு மாதம் சின்னத் தொகை ஒன்றைப் பழக்கமாக வைத்துக்கொள்ளலாம். நான் ஆரம்பித்துவிட்டேன்.

அன்று அந்த அறையில் இன்னொன்றும் முடிவாகியிருக்கிறது. ஊருக்குத் திரும்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரைக்கு, அங்கே காலை பதினொரு மணி, சேலத்தில் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே அந்த வானொலியைப் போட்டேன். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கான ஆங்கிலம், வாரம் ஏழு நிமிடம், நடத்துபவர் சுபா. ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முதல் பாடம், 'எனக்கு விளங்கேல்ல, இன்னொருக்காச் சொல்லுங்கோ' எண்டு இங்கிலீஷில கேக்கிறது. வெக்கப்படாமல் இதைக் கேக்க எனக்கு நாலு வருஷம் எடுத்தது. உங்களுக்கு ஏழு நிமிஷம் காணும். எனக்குப் பின்னால சொல்லுங்கோ."

கையில் ஈரத்துணியோடு நானும் திருப்பிச் சொன்னேன்.